படம் எடுத்தாயிற்று, பதில் எப்போது?

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், ஓசூருக்கும் சூளகிரிக்கும் இடையே, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் காப்புக்காட்டுக்கும் அதன் பக்கத்துக் கிராமத்துக்கும் சானமாவு என்று பெயர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே திண்ணையில், கலந்து புழங்கும் பிரதேசம் இது. ஆகையால், புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்துக்கொண்டு வீடு திரும்பிய ஒருவரைப் பார்க்க வருகிறவர்கள், "ரிப்போர்ட் வந்துச்சா?" என்றோ, "ரிப்போர்ட் வச்சிந்தா?" என்றோ, "ரிப்போர்ட் பந்த்தா?" என்றோ விசாரிப்பார்கள். பாஷை எதுவாயினும் கேள்வி ஒன்றுதான்; வீட்டார் சொல்லும் விடையும் பெரும்பாலும் ஒன்றுதான்: "இன்னும் இல்லை."

நோய் இன்னதென்று தெரிந்த நாளின் அதிர்ச்சியைப் பற்றியும், கீமோ மருந்து ஏறிய பிறகு வாரக்கணக்கில் நாக்கில் நிற்கும் கசப்பைப் பற்றியும், நம் ஜனங்கள் "கரண்ட் வைப்பது" என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையின் எரிச்சலைப் பற்றியும் எவ்வளவோ எழுதியாயிற்று. ஆனால் இவையெல்லாம் முடிந்து, "மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று வைத்தியர் விடைகொடுத்து அனுப்பிய பிறகு வரும் காலத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. சிகிச்சை நடக்கும்போது ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரியம் உண்டு: விடியற்காலைப் பஸ், வரிசை, ரத்தப் பரிசோதனை, ஊசி, மாத்திரை. உடம்பு எத்தனை வேதனைப்பட்டாலும், நோய்க்கு விரோதமாக ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்ற ஆறுதல் அந்தக் காரியங்களில் இருக்கிறது. சிகிச்சை முடிந்தவுடன் காரியமும் போய்விடுகிறது, ஆறுதலும் போய்விடுகிறது. சாதாரண இருமலையும், வயலில் குனிந்து நிமிர்ந்ததால் வந்த முதுகுவலியையும் சந்தேகத்தோடு பார்க்கும் ஒரு மனம் மட்டும் மிஞ்சுகிறது. வீட்டில் சிலர் ஓசூர்ச் சந்திரசூடேஸ்வரர் மலைக்கு நேர்ந்துகொள்கிறார்கள். சிலர் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

சானமாவு மக்களுக்குக் காத்திருப்பது புதிதல்ல. கேழ்வரகுக் கதிர் முற்றும் ஐப்பசி, கார்த்திகையில், கர்நாடகத்துப் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைக் கூட்டங்கள் வந்து இந்தக் காட்டில் தங்குவது ஆண்டுதோறும் நடப்பது. இரவெல்லாம் பரணில் விழித்திருக்கும் உழவனுக்கு, யானை இன்று தன் கொல்லையில் இறங்குமா, பக்கத்துக் கொல்லையில் இறங்குமா, இறங்காமலே போகுமா என்பது தெரியாது. ஆயினும் அவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது, இன்றிரவு எந்தக் கிராமத்தார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், எப்போது விரட்டப் போகிறார்கள் என்பதை வனத்துறையார் ஊருக்கு அறிவிக்கிறார்கள். அச்சத்தை அவர்களால் நீக்க முடியாவிட்டாலும், அதற்கு ஒரு திக்கையும் ஒரு நேரத்தையும் குறித்துக் கொடுக்கிறார்கள். ஸ்கேன் எடுத்துவிட்டுக் காத்திருப்பவருக்கு இந்த அளவு சௌகரியம்கூடப் பெரும்பாலும் வாய்ப்பதில்லை என்பதே இக்கட்டுரை சொல்ல வந்த விஷயம்.

இப்படிக் காத்திருப்பது பழைய காலத்தில் வேறு மாதிரி இருந்தது. சானமாவு அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அதிக தூரமில்லாத திருவண்ணாமலையில், ரமண மகரிஷியின் இடது முழங்கைக்கு அருகே தோன்றிய கட்டியை 1949-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறுத்து அகற்றினார்கள். அது மறுபடியும் வளர்ந்தது. அவ்வாண்டுக்குள் மொத்தம் நான்கு முறை சஸ்திர சிகிச்சையும், இடையே ரேடியச் சிகிச்சையும் நடந்தன. ஒவ்வொரு முறையும் காயம் ஆறுகிறதா, ஓரத்தில் மறுபடி தடிக்கிறதா என்று வைத்தியர்களும் பக்தர்களும் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று மகரிஷி சித்தியடைந்தார். சென்னை அடையாற்றில், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் இடைவிடாத முயற்சியால் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி தோன்றியது 1954-இல். கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி அங்கே வந்தது 1957-இல். அப்போதும்கூட, உள்ளே ஒளிந்திருக்கும் நோயைத் தேடிப் பார்க்க எக்ஸ்ரே படமும், வைத்தியரின் விரல்களும், நோயாளி தானே சொல்லும் குறையுமே சாதனங்கள்.

உடம்பை அறுக்காமலே அதன் குறுக்குவெட்டைக் காட்டும் சி.டி. ஸ்கேன், ஹௌன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் உருவாக்கியது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் உள்ள ஆட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணியின் மூளையை அது முதன்முதலாகப் படம் பிடித்தது. எடுத்த அளவுகளை நாடாவில் பதிந்து, வேறோர் இடத்திலிருந்த பெரிய கணிப்பொறிக்குக் கொண்டுபோய்க் கணக்கிட்ட பிறகே படம் கைக்கு வந்தது. அதாவது ஸ்கேன் பிறந்த அன்றே, அதன் முடிவுக்காகக் காத்திருப்பதும் பிறந்துவிட்டது. இன்று அந்த இயந்திரம் மார்பு முழுவதையும் ஒரு மூச்சை அடக்கி விடும் நேரத்தில் படம் பிடித்துவிடுகிறது; காத்திருக்கும் காலம் மட்டும் நாட்கணக்கிலேயே நிற்கிறது. இதில் எவ்வளவு சாஸ்திரம் கேட்கும் காலம், எவ்வளவு மனிதர்கள் சோம்பலாலோ வழக்கத்தாலோ உண்டாக்கிய காலம் என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

சாஸ்திரம் கேட்கும் காலத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். "பெட் ஸ்கேன்" என்று இப்போது கிராமத்தவரும் சொல்லக் கற்றுக்கொண்ட சோதனையின் ஆதாரம் ஒரு பழைய உண்மை: புற்றணுக்கள் சர்க்கரையை மற்ற அணுக்களைவிடப் பேராசையோடு உண்கின்றன என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டு சொன்னார். குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருளில் கதிர்வீசும் ஃபுளூரினைச் சேர்த்து ரத்தத்தில் செலுத்தினால், அதை எந்த இடம் அதிகமாக இழுத்துக்கொள்கிறதோ அந்த இடம் படத்தில் பிரகாசிக்கும். அதற்காகத்தான் ஆறு மணி நேரமாவது வயிற்றைக் காயப்போட்டு வரச் சொல்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்க்கிறார்கள். ஊசி போட்ட பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒரு தனி அறையில், பேசாமல், எதையும் மெல்லாமல் படுத்திருக்கச் சொல்கிறார்கள். ஏனெனில் அசைகிற தசையும் சர்க்கரையை உண்டு படத்தைக் குழப்பும். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசி மனப்பாரத்தைக் குறைத்துக்கொள்ளவும் வழியில்லாத அந்த ஒரு மணி நேரத்தைப் போல் நீளமான மணி வேறில்லை. வீடு திரும்பிய பின்பும், கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் சில மணி நேரம் நெருங்க வேண்டாம் என்பார்கள். ஓடி வந்து மடியில் ஏறப் பார்க்கும் பேரனை அன்று கைநீட்டித் தடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஊசி மருந்துக்குக் காத்திருக்கத் தெரியாது. அதன் கதிர்வீச்சு ஏறத்தாழ 110 நிமிஷத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துவிடும். சைக்ளோட்ரான் என்னும் பெரிய இயந்திரத்தில் அன்றன்று தயாரித்து, அது கரைந்து போவதற்குள் நோயாளியின் நரம்பில் ஏற்ற வேண்டும். இந்தியாவில் முதல் மருத்துவச் சைக்ளோட்ரானும் பெட் ஸ்கேனும் மும்பையில் 2002-இல் வந்தன. இன்று சானமாவிலிருந்து புறப்படுகிறவர் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூர் சேர்ந்தால் இந்தச் சோதனையைச் செய்துகொள்ள முடிகிறது. மருந்து இத்தனை அவசரப்படுவதால், அதைத் தயாரித்து அனுப்பும் நேரத்துக்கு இணங்க நோயாளிகள்தாம் முன்னும் பின்னும் காத்துக் கிடக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய காத்திருப்பு, ஸ்கேன் எடுப்பதற்கே முன்னால் வருவது. "கரண்ட் வைத்து முடித்த அடுத்த வாரமே படம் எடுத்துப் பார்த்துவிட்டால் என்ன?" என்று குடும்பத்தார் கேட்பது இயல்பு. ஆனால் கதிர் பட்ட இடம் சில வாரங்களுக்கு வெந்த புண்ணாக இருக்கும். அதை ஆற்ற வரும் நல்ல அணுக்களும் சர்க்கரையை உண்ணும். படத்தில் அந்த இடமும் பிரகாசிக்கும். காசநோய் மிகுந்த நம் நாட்டில், ஆறிய காசத்தின் தழும்பும் கழலையும்கூடச் சில சமயம் புற்றைப் போல் வேஷம் போடும். அவசரப்பட்டுப் பார்த்தால், இல்லாத நோயைக் கண்டு வேண்டாத கத்தியை எடுக்க நேரும். வெற்றிலையோடும் புகையிலையோடும் வாழ்ந்து பழகிய நம் சமூகத்தில் தலை, கழுத்துப் புற்று மிகுதியாகையால், இதற்கு ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லலாம். கதிரும் கீமோவும் சேர்த்துக் கொடுத்த பிறகு கழுத்துக் கழலைகளை எல்லாருக்கும் அறுத்து எடுத்துவிடுவது ஒரு வழக்கம். பன்னிரண்டு வாரம் பொறுத்திருந்து, பெட் ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டவருக்கு மட்டும் அறுப்பது மற்றொரு வழி. இங்கிலாந்தில் 564 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். பொறுத்திருந்த பிரிவில் நடந்த சஸ்திர சிகிச்சைகள் 54, மற்றதில் 221. ஆயுளிலோ, பொறுத்திருந்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பன்னிரண்டு வாரம், உறக்கமின்றிக் கழிந்தாலும், எத்தனையோ பேரின் கழுத்தைக் கத்தியிலிருந்து காத்த காலம். இந்த ஒரு விஷயத்தை நோயாளிக்கு அவர் பாஷையில் ஐந்து நிமிஷம் விளக்கிச் சொன்னால், "நம்மை ஏன் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்?" என்ற அவருடைய மனக்கிலேசம் பாதி தீர்ந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இனி, மனிதர்கள் உண்டாக்கும் காலம். படம் எடுத்தபின் ஸ்கேன் வைத்தியர் நூற்றுக்கணக்கான வெட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பழைய படத்தோடு மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பிட வேண்டும். சந்தேகமான இடத்தை மற்றொருவரிடம் காட்டிக் கேட்க வேண்டும். இதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆவது நியாயமே. பழைய படங்கள் பதிந்த குறுந்தகட்டை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனால் இன்னும் தாமதமாகும். முடிவும் அரைகுறையாகவே வரும். ஆனால் ரிப்போர்ட் தயாரான பிறகும், அதை விளக்க வேண்டிய வைத்தியரின் ஓ.பி. நாள் அடுத்த வாரமாக இருக்கும். இடைப்பட்ட நாட்களில் அந்தக் காகிதம் ஓர் உறையிலோ, இப்போதெல்லாம் கைபேசியிலோ, விளக்கம் ஏதுமின்றி நோயாளியின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறது. பெங்களூரிலிருந்து திரும்பும் பஸ், எல்லையில் லாரி நெரிசலில் நிற்கும்போது, கல்லூரியில் படிக்கும் மகள் அதைத் திறந்து, தெரியாத வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கைபேசியில் தேடத் தொடங்குகிறாள். பக்கத்து ஆசனத்தில் தாய், ரிப்போர்ட்டைப் பார்க்காமல் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த வார்த்தைகளோ, வைத்தியர்கள் தமக்குள் பேசிக்கொள்ள ஏற்படுத்திக்கொண்டவை. "ஸ்டேபிள்" என்று எழுதியிருந்தால், நோய் அப்படியே இருக்கிறதாமே என்று வீட்டார் கலங்குவார்கள். மொத்த அளவில் முப்பது சதவீதம் குறையாமலும், இருபது சதவீதம் கூடாமலும் இருக்கும் எதற்கும் அந்த ஒரே பெயர்தான். கட்டி கொஞ்சம் சுருங்கியிருந்தாலும் அந்தப் பெயரே வரும்; பல சமயங்களில் வைத்தியருக்கு அது மகிழ்ச்சியான செய்தி. "ரெஸிடுவல்" என்றால் மிச்சம் ஏதோ தெரிகிறது என்பதுதான். அந்த மிச்சம் உயிருள்ள நோயா, வெறும் தழும்பா என்பதை அந்தச் சொல் சொல்லாது. நிணநீர்ப் புற்றுக்கு, பிரான்சு தேசத்து டோவில் நகரில் 2009-இல் கூடிய நிபுணர்கள் ஒன்று முதல் ஐந்து வரை ஒரு படிக்கணக்கை வகுத்தார்கள். "மூன்று" என்று கண்டவுடன் பாதி நோய் பாக்கி என்று நினைத்து அழுகிறவர்கள் உண்டு. வாஸ்தவத்தில், சிகிச்சையின் முடிவில் ஒன்றும் இரண்டும் மூன்றும் பெரும்பாலும் நல்ல மதிப்பெண்களே. இதையெல்லாம் அறியாமல், ஓ.பி. நாள் வரை ஒரு குடும்பம் படும் அவஸ்தைக்கு சாஸ்திரத்தில் எந்த முகாந்திரமும் இல்லை. அதைக் கொடுமை என்றே நான் சொல்வேன். யாரும் வேண்டுமென்று செய்யாத கொடுமை ஆகையால் திருத்துவது சுலபம்.

நம் குடும்பங்களும் தம் பங்குக்கு ஒரு காத்திருப்பைச் சேர்த்துவிடுகின்றன. "அம்மாகிட்ட சொல்லாதீங்க சார், தாங்க மாட்டாங்க" என்று மகன் வைத்தியரின் அறைக்கு முன்கூட்டியே போய்க் கேட்டுக்கொள்கிறான். அன்பினால் செய்வதுதான். ஆனால் தன் உடம்பைப் பற்றிய செய்தி கூடத்தில் கிசுகிசுப்பாக உலாவுவதையும், தான் நுழைந்ததும் பேச்சு நின்றுபோவதையும் அந்தத் தாய் கவனிக்காமல் இருப்பாளா? ஒருமுறை அப்படி மறைத்துவிட்டால், பிறகு நல்ல செய்தியே வந்தாலும் அவள் நம்பமாட்டாள். சிரித்த முகத்தோடு சொன்னால், சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடுவாள். அவளைக் கேளாமலே இந்தத் தீர்மானத்தைச் செய்கிற பிள்ளைகளைக் கண்டால் எனக்கு அனுதாபமும் கோபமும் ஒருங்கே வருகின்றன. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாள் என்று அவளிடமே கேட்டுவிட்டால் போதும்.

பணத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்கிறவருக்கு, ஸ்கேன் எடுக்க ஒரு நாள், ரிப்போர்ட் வாங்க ஒரு நாள், வைத்தியரைப் பார்க்க ஒரு நாள் என்று போனால், துணைக்கு வருகிறவரின் கூலியும் சேர்ந்தே போகிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள், புற்றுநோய் உட்பட முப்பத்துநான்கு நீண்டகால நோய்களுக்கு, இரண்டு ஆண்டுத் தொடர்ந்த வேலை முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கூலியில் எண்பது சதவீதத்தை இரண்டு ஆண்டு வரை பெற வழியிருக்கிறது. இதை அறியாமலே வேலையை விட்டுவிடுகிறவர்கள் அநேகர். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உதவும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்குக் கைகொடுக்கும். ஆயினும் சிகிச்சைக்குப் பிறகான ஸ்கேனுக்கு அது செல்லுமா, மாநில எல்லையைக் கடந்தால் செல்லுமா என்பதைப் பிரயாணத்துக்கு முன்பே காப்பீட்டு மேஜையில் விசாரித்துத் தெளிவது விவேகம். ரஃபி அகமது கித்வாயின் பெயரைத் தாங்கிய பெங்களூர் அரசுப் புற்றுநோய் ஸ்தாபனமும், பொம்மசந்திரத்துத் தனியார் ஆஸ்பத்திரியும் ஓசூர்க்காரருக்குச் சென்னையைவிடப் பல மடங்கு கிட்ட. ஆனால் கிட்ட இருப்பவை வேறு ராஜ்யத்தைச் சேர்ந்தவை.

கவலை தாங்காமல், "மாதம் ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாமே" என்று நினைக்கும் வசதி படைத்தவர்களும் உண்டு. மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை முடித்த பெண்களில் ஒரு பிரிவினருக்கு அடிக்கடி எலும்பு ஸ்கேனும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தும், மற்றொரு பிரிவினருக்கு வைத்தியர் கையால் பரிசோதித்து மாமோகிராம் மட்டும் எடுத்தும் இத்தாலியில் ஒப்பிட்ட இரண்டு ஆராய்ச்சிகள் 1994-இல் வெளிவந்தன. அதிகம் சோதித்தவர்கள் அதனால் அதிக காலம் வாழ்ந்துவிடவில்லை. எல்லாப் புற்றுக்கும் இது பொருந்தாது. எந்த நோய்க்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை நோயின் குணம்தான் நிச்சயிக்கிறது. பயம் அதை நிச்சயிக்கக் கூடாது.

மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கி வைத்தது இதே ஓசூர்ப் பக்கத்துச் சாமனப்பள்ளிக் கிராமத்தில்தான். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கவும், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சை அளிக்கவும் வீட்டு வாசலுக்கே ஆள் வரும் ஒரு மாவட்டத்தில், ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருக்கும் ஒருவரை இடையில் ஒருமுறை வந்து பார்த்து, "என்றைக்கு வைத்தியரைப் பார்க்கப் போகிறீர்கள்? பழைய படங்களை எடுத்து வைத்தீர்களா?" என்று கேட்க ஏற்பாடு செய்வது பெரிய செலவாகத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிகளுக்கு என் கோரிக்கை இன்னும் சிறியது. ஸ்கேனுக்கு எழுதித் தரும் சீட்டிலேயே இரண்டு வரி சேர்த்து அச்சிடுங்கள்: முடிவை எந்தத் தேதியில் சொல்வோம், யார் சொல்வார். அந்தத் தேதி தவறுமானால், காரணத்தைக் கைபேசியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ரிப்போர்ட்டும் வைத்தியரும் ஒரே நாளில் கிடைக்கும்படி ஓ.பி.யை அமைத்துக்கொள்ளுங்கள். இதை அவர்களாகவே செய்யும் வரை, வாசகர்களே, நீங்களோ உங்களைச் சேர்ந்தவர்களோ அடுத்த முறை ஸ்கேன் சீட்டைக் கையில் வாங்கும்போது, மேஜையை விட்டு எழுந்திருப்பதற்கு முன்னால் அந்த இரண்டையும் கேட்டு, சீட்டின் பின்புறம் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.